சந்தனப் பொட்டு வைத்த கசெட்

“கொட்டாஞ்சேனை. காதுகுத்து. ஞாயிறு காலை. ஜன்னல் முதுகுப் பக்கம், லைட் முன்னுக்கு. பாட்டுப் போட்டாச்சு.”

ஒரு வீடியோ கசெட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் இப்படி எழுதியிருக்கிறது. எழுத்து, என்னை வேலைக்கு எடுத்த சூசை அண்ணையுடையது. அதற்குக் கீழே, தன் வழக்கப்படி, திகதியும் போட்டிருக்கிறார். நாளையும் மாதத்தையும் வாசிக்க முடிகிறது. ஆண்டு இருந்த இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருக்கிறது. அதன் நடுவே குங்குமம். திகதி இல்லாத தாள் ஒன்று கையில் அகப்பட்டால் எனக்கு அன்று நித்திரை வராது. ஆனாலும் அந்தப் பொட்டைச் சுரண்டி ஆண்டைப் பார்க்க மனம் வரவில்லை. பிள்ளையின் பிறப்பிலிருந்து கணக்கிட்டு, வேறொரு தாளில் எழுதி, பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

கலியாண வீடியோ எடுக்கும் இளம்பிள்ளைகள் சிலர் தங்கள் சங்க மலருக்கு இரண்டு பக்கம் கேட்டு வந்தார்கள். “கசெட்டை எப்பிடிப் பாதுகாத்தனீங்கள், வெளிச்சத்தை எப்பிடிச் சமாளிச்சனீங்கள் எண்டு எழுதுங்கோ அங்கிள். அந்தக் காலம் மாதிரி வருமோ எண்டு மட்டும் எழுதாதேங்கோ” என்றான் ஒருவன். அப்படி எழுத எனக்கும் ஆசை இல்லை. அவர்களுடைய கமெரா குத்துவிளக்கு வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் கழுத்து மச்சத்தைக் காட்டுகிறது. அப்படி ஒன்று எனக்கு அன்று கிடைத்திருந்தால் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்திருப்பேன். இரண்டு பக்கம் போதாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த நாட்களில், கொட்டாஞ்சேனையில் சூசை அண்ணையின் ஸ்டூடியோவில் படச்சட்டம் போடும் வேலை கிடைத்தது. சட்டத்திலிருந்து இருட்டறை, இருட்டறையிலிருந்து ஃப்ளாஷ், அதிலிருந்து வீடியோ என்று சில வருடங்களில் நகர்ந்தேன். தோளில் வைக்கும் பெரிய கமெரா. ஒரு மணி நேரம் வைத்திருந்தால் வலது தோள் கீழே இறங்கிவிடும். என் சேட்டுகள் எல்லாம் இன்றைக்கும் ஒரு பக்கம் நீளமாகத்தான் நிற்கின்றன.

சூசை அண்ணை கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லோரையும் “மகன்” என்பார், தன்னைவிட மூத்தவர்களையும். சத்தம் போட்டு நான் கண்டதில்லை. கலியாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் செருப்பைக் கழற்றுவார். பக்தியால் அல்ல, நடக்கும் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்பதற்காக. பிறகு மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை மெதுவாகச் சுற்றித் திரும்புவார். எந்த ஜன்னல் திறந்திருக்கிறது, எந்தக் குழல்விளக்கு நடுங்குகிறது, எந்தப் பக்கச் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் எல்லாம் அந்த ஒரு சுற்றில் முடிந்துவிடும். வேலை தொடங்கியபின் என்னோடு பேசமாட்டார். தோளில் ஒரு தட்டு என்றால் கிட்டே போ. இரண்டு தட்டு என்றால் வெளிச்சம் கூட, கண்ணை மூடு; அதாவது கமெராவின் கண்ணை. மூன்று தட்டு என்றால் சாப்பாடு தொடங்கிவிட்டது.

அந்தக் கமெராக்களுக்கு வெள்ளை எது என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டிப் பொத்தானை அமத்தினால், அதை வெள்ளை என்று நம்பி மற்ற நிறங்களையெல்லாம் அதற்கேற்ப ஒழுங்குபடுத்தும். பகல் வெளிச்சம் நீலம் கலந்தது, மின்குமிழ் மஞ்சள் கலந்தது. இடம் மாறும்போதெல்லாம் திரும்பவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்காகச் சிலர் வெள்ளை மட்டை கொண்டு திரிவார்கள். சூசை அண்ணைக்கு மட்டை தேவைப்படவில்லை. தமிழ்க் கலியாணத்தில் வேட்டிக்குப் பஞ்சமா? கண்ணில் பட்ட பெரியவர் ஒருவரை நிறுத்தி, “மகன், அப்பிடியே ஒரு நிமிஷம் நில்லுங்க, உங்க வேட்டி எனக்குத் தேவை” என்பார். பெரியவர் பயந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

இந்த முறை ஒருமுறை எங்களைக் கவிழ்த்துவிட்டது. வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். பெண்ணின் பெரியப்பா, பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், கண் கூசும் வெள்ளையில் வேட்டி கட்டியிருந்தார். அண்ணை அவரை நிறுத்திப் பொத்தானை அமத்தினார். அடுத்த நாள் ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்தால் மணமகள், மாப்பிள்ளை, ஐயர், மேளகாரர் எல்லாரும் மஞ்சள் காமாலை பிடித்தவர்கள்போல இருந்தார்கள். கமெராவைக் கழற்றிப் பார்த்தோம், வயரை மாற்றினோம். கடைசியில் அண்ணையின் மனைவி மேரி அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்தவர், திரையை ஒரு பார்வை பார்த்தார்.

“யாருட வேட்டி?”

“ஒரு பிரின்ஸிபலோட.”

“அப்ப நல்லா நீலம் போட்டிருப்பாங்க. நீலம் போட்ட உடுப்பு வெள்ளையா இருக்காது, வெள்ளை மாதிரி இருக்கும். உங்க பொட்டிக்கு அது தெரியுமா?”

அதுதான் நடந்தது. நீலம் கலந்ததை வெள்ளை என்று காட்டியதால், கமெரா அந்த நீலத்தைக் கழிப்பதற்காக எல்லார் மீதும் மஞ்சளைக் கொட்டியிருந்தது. பெண் வீட்டாருக்கு அது பிடித்துப்போனது வேறு கதை. “பிள்ளை நல்ல மங்களகரமா இருக்கிறாள்” என்று கூடுதலாக ஒரு பிரதி கேட்டார்கள். அண்ணை அதற்குப் பிறகு, நீலம் போடாமல் தோய்த்த கைலேஞ்சி ஒன்றைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். அதனால் மூக்கைத் துடைக்க யாருக்கும் அனுமதி இல்லை.

கசெட் பராமரிப்பில் அவர் இன்னும் கண்டிப்பு. எங்கள் ஊரில் நாடாவுக்கு எதிரி மூன்று: கடல், மழை, மனிதர். வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். வாசல் கதவின் பிணைச்சலே ஒரு வருடத்தில் கரகரக்கத் தொடங்கிவிடும். நாடா எம்மாத்திரம்? அண்ணை கசெட் அலுமாரிக்குள் சின்ன மின்குமிழ் ஒன்றை இரவு பகலாக எரியவிட்டிருந்தார், ஈரம் தங்காமலிருக்க. கசெட்டைப் புத்தகம்போல நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் சுற்றியிருக்கும் நாடா தன் பாரத்தில் ஒரு பக்கம் சரியும். மேலிருந்து விழும் தூசி முழுவதும் நாடாவின் ஒரே விளிம்பில் போய்க் குந்தும். பாதியில் நிறுத்தி எடுத்து வைக்கக் கூடாது, முழுவதும் சுற்றித்தான் வைக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் ஒருதரம் ஓடவிட்டுக் காற்றாட விடுவோம். அதற்கு முன்னால் அண்ணை மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார். புளித்த மாவின் மணம் வந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதை மெஷினில் போட்டால் மெஷினுக்கும் தொற்றும், அதிலிருந்து அடுத்த கசெட்டுக்கும் தொற்றும். “ஆஸ்பத்திரியில தனி வார்டு மாதிரி” என்று அவற்றைத் தனி மேசையில் வைப்பார்.

பாட்டுப் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை அதில்தான் தங்கியிருக்கிறது. அந்த நாட்களில் எந்தக் குடும்பமும் கலியாண வீட்டின் உண்மையான சத்தத்தைக் கேட்க விரும்பியதில்லை. கரண்டிச் சத்தமும் பிள்ளைகளின் அழுகையும் யாருக்கு வேண்டும்? சினிமாப் பாட்டுத்தான் வேண்டும். கமெராக் கசெட்டிலிருந்து நல்ல பகுதிகளை வேறொரு கசெட்டுக்குப் பிரதி எடுத்து, பிறகு அதன் மேல் பாட்டைப் பதிவோம். படம் இருட்டாகியோ அசைந்தோ போன இடங்களில் ரோசாப்பூக்கள் மேலிருந்து விழும்படி ஒரு மெஷினால் செய்வோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரோசாப்பூ விழாத வீடியோவை வாடிக்கையாளர் மதிப்பதில்லை. வேலை முடிந்ததும் கமெராக் கசெட்டை அடுத்த கலியாணத்துக்குத் திரும்பப் பாவிப்போம். எல்லா ஸ்டூடியோக்களிலும் அதுவே வழக்கம்.

இனி அந்தக் கசெட்டுக்கு வருகிறேன்.

நான் வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, ஒரு பின்னேரம், கொட்டாஞ்சேனையிலிருந்து சிவமலர் என்ற பெண்மணியும் அவருடைய மகள் தர்ஷினியும் என் ஃபிளாட்டுக்கு வந்தார்கள். ஸ்டூடியோ இருந்த தெருவில் விசாரித்து, யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். சிவமலர் பட்டுத்துணியில் சுற்றிய ஒரு பொருளை இரண்டு கையாலும் ஏந்தி மேசையில் வைத்தார். துணியை விலக்கினால் கசெட். முதுகில் ஒரு பொட்டு, முன்மூடியில் ஒரு பொட்டு, கண்ணாடிப் பக்கம் மூன்று விபூதிக் குறி.

“கசெட்டுக்குப் பொட்டு வச்சது ஆர்?” என்று கேட்டேன்.

“நான்தான். அவற்ற திவசத்துக்குத் திவசம் படத்துக்கு வைக்கேக்க இதுக்கும் ஒண்டு வைப்பன். அவர் இதுக்குள்ளயும் இருக்கிறார்தானே.”

“அம்மா, அதாலதான் பழுதாப்போச்செண்டு அங்கிள் சொல்லப்போறார்” என்றாள் மகள்.

“சொல்லட்டுமன். படத்துக்கு வச்சா ஒண்டும் ஆகேல்ல. இதுக்கு மட்டும் ஆகுமோ?”

விஷயம் இதுதான். சிவமலரின் கணவர் ஞானசேகரம், பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக்கடையில் கணக்கராக இருந்தவர். அவர்கள் கலியாணம் கட்டியது ஊரில், மின்சாரம் இல்லாத நாட்களில், வீடியோ கிடையாது. கொழும்புக்கு வந்து, தர்ஷினிக்கு ஒரு வயது நிரம்பிக் காது குத்தியபோதுதான் முதன்முதலாக வீடியோக்காரரைப் பிடித்தார்கள். அந்த வீடியோக்காரர் நான். அதற்குப் பிறகு பிள்ளைக்கு மூன்று வயது ஆகுமுன் மாரடைப்பில் அவர் போய்விட்டார். அவர் அசைந்து நடமாடுவது இந்த ஒரு கசெட்டில் மட்டும்.

“எனக்கு அப்பான்ர குரல் தெரியாது அங்கிள்” என்றாள் தர்ஷினி. “இதில அப்பா வாயைத் திறக்கிற இடமெல்லாம் ஒரு பொம்பிளை பாடுவா. சின்னனில, எங்கட அப்பா பொம்பிளைக் குரலில பாடுறவர் எண்டு நேசரியில சொல்லியிருக்கிறன்.”

சிவமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ரீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவ.”

“வாற மாசம் எனக்குக் கலியாணம். அதுக்கு முதல் ஒருக்கா அவற்ற குரலைக் கேக்கோணும். ஒரு கடையில குடுத்தனாங்கள். பாட்டே கேக்குதில்லை, வெறும் இரைச்சல், கசெட் முடிஞ்சுது எண்டு திருப்பித் தந்திட்டாங்கள். அந்தப் பாட்டை எடுத்துப்போட்டு, அடியில ஏதும் கிடந்தா எடுக்கேலாதோ அங்கிள்?”

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். ஏனெனில் பொதுவாக இல்லை என்பதுதான் பதில். பாட்டைப் பதியும்போது பழைய சத்தம் அழிந்துபோகும். ஆனால் அதற்கு ஒரு விலக்கு உண்டு. இந்த வகை நாடாவில் சத்தம் இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, மேல் விளிம்பில் மெல்லிய கோடாக. சாதாரண மெஷின்கள் அதை மட்டும்தான் எழுதும், அதை மட்டும்தான் வாசிக்கும். ஹைஃபை மெஷின் என்றால், விளிம்பிலும் எழுதி, நாடாவின் நடுவில் படத்தோடு சேர்த்து இன்னொரு தடவையும் எழுதும். பாட்டுப் போடும்போது விளிம்பில் இருப்பதுதான் அழியும். நடுவில் இருப்பதைப் படத்தை அழிக்காமல் தொட முடியாது. எங்கள் ஸ்டூடியோவில் இரண்டு பதிவு மெஷின்கள் இருந்தன. ஒன்று சாதாரணம். மற்றது ஹைஃபை, சிங்கப்பூரிலிருந்து வந்தது, அண்ணை அதைப் பெரிய கலியாணங்களுக்கு மட்டும் வைத்திருந்தார். காதுகுத்துக்கு அதை எடுத்திருப்பாரா?

இதை அப்படியே அவர்களுக்குச் சொன்னேன். “இருந்தாலும் இருக்கும். இல்லாமலும் போகும். போட்டுப் பாத்தால்தான் தெரியும். இப்ப போடேலாது, முதல்ல துப்புரவாக்கோணும்.”

“துப்புரவாக்கேக்க பொட்டை அழிச்சுப்போடாதேங்கோ” என்றார் சிவமலர். வெளிப்பொட்டை அழிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தக் காலையை நினைத்துப் பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் மாடி வீடு ஒன்றின் முன்னறை. பிள்ளையின் முகம் கிழக்கே இருக்க வேண்டும் என்று சொல்லி அங்கே தடுக்குப் போட்டிருந்தார்கள். அதன் முதுகுப் பக்கம், மேற்கே, துறைமுகத்தைப் பார்த்த பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வானம் பளீரென்று நின்றது, உள்ளே அறை இருட்டு. இப்படியான இடத்தில் கமெரா ஜன்னலை நம்பித் தன் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். முகங்கள் எல்லாம் கரியாகிவிடும். சாதாரணமாகத் தடுக்கை ஒரு பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழச் செய்வோம். இங்கே சாத்திரம் கிழக்கு என்றது. ஜன்னலுக்குச் சேலையால் மறைப்புக் கட்டலாம் என்றால், புழுக்கத்தில் காது குத்தும் பத்தருக்குக் கை வியர்த்து ஊசி வழுக்கும் என்றார்கள். ஆகவே அண்ணை கமெராவின் கண்ணைக் கையால் திறந்து வைக்கச் சொன்னார், முன்னால் லைட்டைப் போடச் சொன்னார். லைட் பிடித்தவர் நிமல்; இரத்மலானையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அந்த லைட் கிட்டத்தில் அடுப்புப்போலச் சுடும். பிள்ளை ஊசியைக் காணுமுன்னமே லைட்டைக் கண்டு அலறத் தொடங்கிவிட்டது. நடுவில் ஒருமுறை லைட் கீழே இறங்கி, என் படம் கறுத்துப்போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்குக் கோபம் வந்ததும் நினைவிருக்கிறது. யார் இறக்கச் சொன்னது என்பது நினைவில் இல்லை. என் ஒரு கண் கமெராவில் இருந்தது. மறு கண் மூடியிருந்தது.

கசெட்டின் பிளாஸ்டிக் ஓட்டைக் கழற்றினேன். திருகாணிகளை எடுத்து மூடியைத் தூக்கியதும் கோயில் மணம் வந்தது. சந்தனம், கற்பூரம், அதற்கு அடியில் கொஞ்சம் புளிப்பு. முன்மூடியில் வைத்த சந்தனம் காய்ந்து தூளாகி உள்ளே இறங்கியிருந்தது. சிவமலர் கசெட்டைச் சாமித் தட்டில், படத்துக்கு முன்னால் படுக்க வைத்திருந்திருக்கிறார். அதனால் தூள் முழுவதும் சுற்றின் மேல் பக்கத்தில், அதாவது நாடாவின் மேல் விளிம்பில், வருடக்கணக்காகக் குந்தியிருந்தது. பாட்டு இருந்த விளிம்பு அதுதான். வாசிப்பு முனையால் சந்தனத்தை ஊடறுத்துப் பாட்டை வாசிக்க முடியவில்லை. கடைக்காரருக்குக் கேட்ட இரைச்சல் அது. நடுப்பகுதி, ஆச்சரியமாக, கண்ணாடிபோல இருந்தது.

முதலில் ஓடில்லாத நாடாச் சுற்றை, ஈரம் உறிஞ்சும் சிறு பைகள் போட்ட டப்பாவில் சில நாட்கள் வைத்தேன். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் பைகள்தான். பிறகு மென்மையான தூரிகையால் விளிம்பை மேலிருந்து வெளியே தட்டினேன், உள்ளே அல்ல. பிறகு வேறொரு சுத்தமான ஓட்டுக்குள் மாற்றி, கையால் மெதுவாகச் சுற்றி, இரண்டு விரலுக்கிடையில் மான்தோல் துண்டைப் பிடித்து, அதற்கூடாக நாடா முழுவதையும் ஓடவிட்டேன். துண்டு இடைக்கிடை மஞ்சளாகும், மாற்றுவேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “நீங்கள் வீடியோ திருத்துறீங்களோ, அபிஷேகம் செய்யிறீங்களோ?” என்றாள்.

தாயும் மகளும் இருக்கும்போதுதான் முதல்முறை ஓடவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை வந்தார்கள். என் ஹைஃபை மெஷினின் முகத்தில் சின்னப் பச்சை விளக்கு ஒன்று உண்டு. நாடாவின் நடுவில் சத்தம் இருந்தால் மட்டும் அது எரியும். “அந்த விளக்கைப் பாருங்கோ” என்று சொல்லிப் பொத்தானை அமத்தினேன். படம் வந்தது. சத்தம் இல்லை. விளக்கு எரியவில்லை. சிவமலர் கைகளைக் கோத்துக்கொண்டார். தலைப்பு எழுத்து முடிந்து முதல் காட்சி தொடங்கியபோது விளக்கு ஒருமுறை மினுங்கி, பிறகு நின்று எரிந்தது. அறை முழுக்கச் சனத்தின் சத்தம்.

அண்ணை காதுகுத்துக்கும் பெரிய மெஷினைத்தான் எடுத்திருந்தார்.

ஞானசேகரம் திரையில் வந்தார். மெலிந்த மனிதர், தாம்பாளத்தோடு. வாயைத் திறந்து யாருக்கோ ஏதோ சொன்னார். கேட்டது இது:

“வடை காணாது போல கிடக்கடி.”

“காணும். உந்தக் கமெராக்காரருக்கு முதலே குடுத்துப்போடாதை.”

மைக்குக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள். அவர் அறையின் மறு கோடியில் நின்றார். தர்ஷினி முன்னால் குனிந்தாள். திரும்பவும் அவர் வந்தார், வாய் அசைந்தது, திரும்பவும் வடை. மூன்றாவது முறை மேளக் கசெட் ஒன்று பின்னணியில் தொடங்கி எல்லாவற்றையும் விழுங்கியது. வாயசைவு இருந்த இடங்கள் எல்லாம் அப்படியே போயின. “பாட்டே பரவாயில்லை போல” என்றாள் தர்ஷினி.

பிறகு பத்தர் ஊசியை எடுத்தார். பிள்ளை அலறியது. லைட் முகத்தில் வெள்ளையாக அடித்தது. உடனே ரோசாப்பூக்கள் விழத் தொடங்கின. படம் கறுத்த இடத்தை அண்ணை ரோசாவால் மூடியிருந்தார். பூக்களுக்கு அடியில், மைக்குக்கு மிகக் கிட்ட, ஓர் ஆணின் குரல் தெளிவாகக் கேட்டது:

“மல்லி, லைட் எக்க டிக்கக் பஹத் கரன்ன.” தம்பி, லைட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடி என்று நிமலுக்குச் சிங்களத்தில். தொடர்ந்து தமிழில், மெதுவாக: “பிள்ளைக்குக் கண் கூசுது. ஓம், ஓம், முடிஞ்சுது குஞ்சு, முடிஞ்சுது.”

ரோசாப்பூ நின்றது. அந்தக் குரலும் நின்றது.

“அவர்தான்” என்றார் சிவமலர்.

“அப்பா முதல்ல சிங்களத்திலயோ கதைக்கிறார்?” என்று கேட்டாள் தர்ஷினி. கண்ணீர் தாடையில் நின்றது, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். “திருப்பிப் போடுங்கோ அங்கிள்.” எத்தனை முறை போட்டேன் என்று நான் எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது எனக்கே புதிது.

அந்தப் பகுதியைக் கைபேசியில் ஏற்றி, லண்டனில் இருக்கும் ஞானசேகரத்தின் தம்பி ரவிக்கு என் ஃபிளாட்டிலிருந்தே அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவர் அழைத்தார். எல்லாரும் கேட்கும்படி வைத்தாள்.

“அண்ணி, நல்ல தெளிவாக் கிடக்கு. ஆனா, இது நான் போல கிடக்கு.”

தர்ஷினி கைபேசியை மேசையில் வைத்தாள்.

“நானும் லைட்டுக்குப் பக்கத்திலதான் நிண்டனான் அண்ணி. பிள்ளையைத் தூக்க எண்டு.”

“நீர் அப்ப கொழும்புக்கு வந்து ரெண்டு மாசம். சிங்களம் தெரியாது உமக்கு.”

“கடையில அண்ணையோட நிண்டனான்தானே. கொஞ்சம் வரும்.”

“ரெண்டு மாசத்தில உமக்கு வந்தது ‘கீயத’ மட்டுந்தான். விலை கேக்க.”

“சாமான் இறக்கேக்க ‘பஹத் கரன்ன’ எண்டும் கத்துவம் அண்ணி. அண்ணைதான் சொல்லித் தந்தவர்.” கொஞ்சம் நிறுத்தி, “போனில எங்கட ரெண்டு பேற்ற குரலையும் நீங்கள் மாறுறனீங்கள்தானே” என்றார்.

“ஒருக்காத்தான் மாறினனான்” என்றார் சிவமலர். எழுந்து குசினிப் பக்கம் போய், என் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“உங்களுக்கு அந்தக் காலமை நினைவிருக்கோ அக்கா? அவர் எங்க நிண்டவர்?” என்று நான் கேட்டேன். என் பழக்கம், சாட்சி இருக்கும்போது கேட்காமல் விடமுடியாது.

“பிள்ளை கத்தேக்க எனக்கு வேற ஒண்டும் கேக்கேல்ல, தெரியேல்ல” என்றார். “ஆனா குஞ்செண்டு சொல்லுறது அவர்.” அது சான்றாகாது. எங்கள் ஊரில் பிள்ளையைக் குஞ்சு என்று சொல்லாத ஆண் யார்?

தர்ஷினியின் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னம் ரவி லண்டனிலிருந்து வந்தார். என்னையும் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். அறை நிறையச் சொந்தக்காரர். வாசலில் என்னைக் கண்டதும், “வாங்கோ அண்ணை, உங்களைத்தான் பாக்கோணும் எண்டு இருந்தனான்” என்றார். அந்தக் குரலைக் கேட்டு நான் ஒரு கணம் அசையாமல் நின்றேன். குரலை அடையாளம் காண எனக்குப் பயிற்சி இல்லை, வெளிச்சத்தைத்தான் பழகியிருக்கிறேன். ஆனாலும் நின்றேன்.

தேத்தண்ணீர் குடித்து முடிந்ததும் தர்ஷினி அவருக்கு முன்னால் நிலத்தில் வந்து உட்கார்ந்தாள். “சித்தப்பா, அதை ஒருக்காச் சொல்லுங்கோ. அப்பிடியே.”

“எதை?”

“மல்லி, லைட் எக்க.”

சிவமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரவி தன் அண்ணியைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். செருமியபின் அவர் சொன்ன குரல் கட்டையாக, மூக்கால் வந்தது. சொல்லும்போது “பஹத்” என்ற சொல்லில் தடுக்கி, “பாத்” என்றார்.

“பாத்தியே!” என்றார் சிவமலர். “நான் சொன்னனான்தானே. இவருக்கு இண்டைக்கும் சிங்களம் வாயில நுழையாது.” எல்லாரும் சிரித்தார்கள். ரவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். “ஓம் அண்ணி, அது அண்ணைதான். நான் அண்டைக்குக் குழம்பிப்போனன்.” தர்ஷினி எழும்பி அவருடைய தோளில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் தர்ஷினிக்கு அனுப்பி, ஏதாவது நீக்க வேண்டுமா என்று கேட்டேன். அவளுடைய பதில் அதே பின்னேரம் வந்தது. “ஒண்டும் நீக்க வேண்டாம் அங்கிள். அம்மா கண்ணாடி தேடிப் போட்டு வாசிக்கிற ஆளில்லை. சித்தப்பாவுக்கு மட்டும் மலரைக் காட்டாதேங்கோ. தான் நல்லா நடிச்சனான் எண்டு சந்தோசமாப் போயிருக்கிறார்.”

அன்று லைட்டை இறக்கச் சொன்னவரை நேருக்கு நேர் பார்த்தவர் நிமல் ஒருவர்தான். இரத்மலானையில் அவர் இருந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர் எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே ரோசாப்பூக்களுக்கு அடியில் கேட்கும் குரல் ஞானசேகரத்துடையது என்பது, இதை எழுதும் இந்த நாள் வரை உறுதிசெய்யப்படவில்லை.